மேட்டுக்கு ஏறிய பெட்ரோல்

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் போகிற சாலையில் விஜயபாண்டிக்கு ஒரு பெட்ரோல் பங்க் இருந்தது. அதில் தனுஷ்கோடி சூப்பர்வைசர். அவரிடம் யாரும் இரண்டாம் முறை சந்தேகம் கேட்டது கிடையாது. முதல் முறை கேட்கும்போதே அவர் பார்க்கிற பார்வையில், கேட்டவன் தான் பள்ளிக்கூடம் போனதே வீண் என்று நினைத்துக்கொண்டு நகர்ந்துவிடுவான்.

இருபத்திரண்டு வருடம் ராணுவத்தில் இருந்தவர். எல்லையில் துப்பாக்கி பிடித்தவர் அல்ல. பாலைவனத்து எரிபொருள் கிடங்கு ஒன்றில் பெட்ரோலையும் டீசலையும் காத்தவர். ஹவில்தாராக ஓய்வு பெற்று ஊர் திரும்பி, பங்க்குக்கு மேற்கே கூப்பிடு தூரத்தில் ஒரு தென்னந்தோப்பு வாங்கி அதிலேயே வீடும் கட்டிக்கொண்டார். விஜயபாண்டி தூரத்து உறவு. 'மாமா' என்றுதான் கூப்பிடுவான். சம்பளத்துக்காக அவர் அங்கே நிற்கவில்லை. பெட்ரோலைப் பற்றி ஒன்றுமே தெரியாத கூட்டத்தின் நடுவில், தெரிந்த ஒரே ஆளாக நிற்பதில் அவருக்கு ஒரு சுகம் இருந்தது.

விஜயபாண்டியை அவர் ஓர் ஆளாகவே மதித்ததில்லை. தகப்பன் வைத்துவிட்டுப் போன பங்க்கில் ஏசி அறைக்குள் உட்கார்ந்து செல்போனைத் தடவிக்கொண்டிருப்பான். வீட்டில் ராஜபாளையம் நாய் இரண்டு வளர்த்தான். அவற்றின் காது, பல் பற்றி அவனுக்கு இருந்த அக்கறையில் பாதி பூமிக்குள் கிடந்த தொட்டிகளைப் பற்றி இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

கார்த்திகையில் நல்ல மழை. கிழக்கே கண்மாய் நிரம்பி மறுகால் பாய்ந்தது. அந்த வாரம் பெட்ரோல் போட்டுக்கொண்டு போன பைக்குகள் ஒரு கிலோமீட்டர் தாண்டாமல் இருமி இருமி நின்றன. வண்டியைத் தள்ளிக்கொண்டு திரும்பி வந்தவர்கள் பங்க் வாசலில் கத்தினார்கள். விஜயபாண்டி உள்ளே இருந்து வெளியே வரவில்லை.

தனுஷ்கோடி தொட்டியின் மூடியைத் திறந்து, அளவுக் கம்பியின் நுனியில் தண்ணீர் பட்டால் நிறம் மாறும் பசையைத் தடவி உள்ளே விட்டார். வெளியே எடுத்தபோது நாலு விரற்கடை உயரத்துக்கு நிறம் மாறியிருந்தது. கம்பியை அப்படியே தூக்கிக்கொண்டு போய் விஜயபாண்டியின் மேசைமேல் வைத்தார்.

"மாப்ள, தொட்டிக்குள்ள தண்ணி."

"மழை பேஞ்சிச்சுல்ல மாமா. மூடி வழியா எறங்கியிருக்கும்."

"மூடி வழியா எறங்குன தண்ணி இம்புட்டா? மூடியச் சுத்தி ஒரு பொட்டு ஈரம் கெடையாது. தொட்டி ஓட்டையாயிருச்சு. கண்மாய் பெருகிக் கெடக்கு, பூமிக்குள்ள தண்ணி தொட்டிக்கு மேல வந்து நிக்கி. ஓட்டை வழியா உள்ள வருது. இப்ப வார பெட்ரோல்ல அஞ்சுல ஒரு பங்கு எத்தனால். தண்ணியக் கண்டா அது பெட்ரோல விட்டுப்போட்டுத் தண்ணியோட சேந்து அடியில உக்காந்துரும். அதத்தான் பம்பு உறிஞ்சி சனங்களுக்கு ஊத்துது."

விஜயபாண்டி மேசைவிரிப்பில் சொட்டிய துளியைப் பார்த்தான். "இப்ப என்ன செய்யணுங்கிய?"

"பெட்ரோல் தொட்டியக் காலி பண்ணிச் சோதன பண்ணணும். இப்ப தண்ணி உள்ள வருது. மாசியில தண்ணி கீழ எறங்கும்லா, அப்ப அதே ஓட்டை வழியா பெட்ரோல் வெளிய போகும்."

"தை பொறக்கட்டும் மாமா, பாப்போம். இப்ப அடியில இருக்கத மட்டும் உறிஞ்சி எடுத்துருவோம்."

தனுஷ்கோடிக்குச் சிரிப்பு வந்தது. இப்படி ஒருவனிடம் போய் எத்தனாலை விளக்கியதற்குத் தன்னைத்தான் உதைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டார். சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது. மேற்கொண்டு மேலே எழுதிப் போடுவதோ கம்பெனிக்காரர்களைக் கூப்பிடுவதோ இந்த முட்டாள் பயலுக்குத் தான் செய்கிற உபகாரமாகிவிடும். நாசமாய்ப் போகட்டும் என்று கம்பியைத் துடைத்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார். ஒருவனை ஏளனமாக நினைத்துவிட்டால் அவன் செய்கிற தப்பில் தனக்குப் பங்கில்லை என்று ஆகிவிடுகிறது. அது அவருக்கு ரொம்ப வசதியாக இருந்தது.

தை பிறந்தது. யாரும் எதையும் பார்க்கவில்லை. தொட்டிக்குள் தண்ணீர் வருவது நின்றுவிட்டது. விஜயபாண்டி, "பாத்தியளா மாமா, தன்னால சரியாப் போச்சு" என்றான். தனுஷ்கோடி கம்பியை எடுத்துக்கொண்டு தொட்டிக்குப் போனார். தினமும் காலையில் அளக்கும்போது பெட்ரோல் அளவு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவதை அவர் பார்த்தார். வெயிலில் ஆவியாகப் போவதாக விஜயபாண்டி எழுதிக்கொண்டான். தனுஷ்கோடி அதையும் பார்த்தார்.

மாசி கடைசியில் ஒரு காலை நேரம், பங்க்குக்கு மேற்கே உள்ள தெருவிலிருந்து ஹாஜரா வந்தாள். கணவர் சேக் முகைதீன் பேருந்து நிலையத்துப் பக்கம் பைகள் விற்கிற கடை வைத்திருந்தார். பங்க்குக்கும் தனுஷ்கோடியின் தோப்புக்கும் நடுவில் அவர்கள் வீடு. வீட்டுப் பின்புறம் முப்பத்தைந்து அடி ஆழத்தில் ஒரு பழைய கிணறு. ஹாஜராவின் கையில் தண்ணீர் பாட்டில் ஒன்று இருந்தது.

"அண்ணே, இத மோந்து பாருங்க. கெணத்துத் தண்ணி. நாலு நாளா பெட்ரோல் வாடை அடிக்கி. பிள்ளையளுக்குத் தலவலி."

தனுஷ்கோடி பாட்டிலை வாங்கவில்லை. அவள் பிடித்திருந்தபடியே குனிந்து பார்த்தார். பங்க்கில் நின்றுகொண்டு மோந்தால் எதில்தான் பெட்ரோல் வாடை அடிக்காது?

"ஏம்மா, ஓங்க வீடு பங்க்குக்கு எந்தப் பக்கம்?"

"மேக்க."

"தண்ணி எந்தப் பக்கம் ஓடும்?"

அவள் முழித்தாள். தனுஷ்கோடிக்கு உற்சாகம் வந்துவிட்டது. ஒரு பில்லைக் கிழித்து, பின்பக்கத்தில் படம் போட்டார். இடதுகைப் பக்கம் மலை. அதில் 'அய்யனார் கோவில்' என்று எழுதினார். வலதுகைப் பக்கம் கண்மாய். நடுவில் அவள் கிணறு, அதற்குக் கிழக்கே பங்க். மலையிலிருந்து கண்மாய்க்கு ஓர் அம்புக்குறி.

"மலையில பேஞ்ச தண்ணி மேக்க இருந்து கெழக்கதான் வரும். பூமிக்குள்ளயும் அப்பிடித்தான். பங்க்குல ஒரு சொட்டு ஒழுகுனாக்கூட அது கண்மாயப் பாத்துத்தான் போகும். ஓங்க கெணறு மேட்டுல இருக்கு. பெட்ரோல் மேட்டுக்கு ஏறுமா? நா இருபத்திரெண்டு வருசம் இதுல கெடந்தவன். ஓங்க கெணத்துல எலி செத்துக் கெடக்கும், இல்லன்னா எல விழுந்து மக்கியிருக்கும். தண்ணிய எறச்சுத் தூர் எடுங்க, சரியாப் போகும்."

"எலி செத்தா இந்த வாடையா அடிக்கும்?"

அவர் பார்வையாலேயே பதில் சொன்னார். அதே பழைய பார்வைதான். ஹாஜரா அந்தச் சீட்டை மடித்து வைத்துக்கொண்டு போனாள். தொட்டி ஒழுகுகிறது என்று அவருக்குத் தெரியும். அது கிழக்கே போய் யாருமில்லாத கண்மாய்க்கரையில் தொலைகிறது என்று நம்பினார். தனக்குத் தெரிந்ததை நாலு நாளாகத் தண்ணீரை மோந்து பார்த்த ஒரு பொம்பளை வந்து மாற்றிச் சொல்வதா?

பங்குனியில் ஒரு வியாழக்கிழமை, காலை பதினோரு மணி இருக்கும். லாரி ஒன்றுக்கு டீசல் போட்டுக்கொண்டிருந்தபோது மேற்கே ஒரு சத்தம் கேட்டது. வெடிச்சத்தம் இல்லை. பெரிய படுதாவை ஒரே உதறாக உதறியது போல ஒரு சத்தம். அதைத் தொடர்ந்து பெண்கள் அலறினார்கள். தனுஷ்கோடி திரும்பிப் பார்த்தார். ஹாஜரா வீட்டுப் பின்புறத்தில் வேப்பமரத்தின் உயரத்துக்குக் கரும்புகை.

அவர் அந்தச் சத்தத்தைக் கிடங்கில் ஒருமுறை கேட்டிருக்கிறார். ஐம்பத்திரண்டு வயதில், நுரைத் தீயணைப்பான் ஒன்றைத் தோளில் தூக்கிக்கொண்டு, இன்னொன்றைத் தூக்கச் சொல்லி வேலையாளை விரட்டிக்கொண்டு ஓடினார்.

கிணற்றடியில் தூர் எடுக்க வந்த முத்துப்பாண்டி தரையில் கிடந்தான். புருவமும் முன்முடியும் கருகியிருந்தன. இரண்டு முன்னங்கைகளிலும் தோல் வழண்டு தொங்கியது. கிணற்றுக்குள்ளே தண்ணீரின் மேல்பரப்பு எரிந்துகொண்டிருந்தது. சேக் முகைதீன் ஒரு குடம் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு கிணற்றை நோக்கி ஓடினார்.

"தண்ணி ஊத்தாதீங்க பாய்! கெணத்துல ஊத்தாதீங்க, பரவிரும்! அத அவன் கையில ஊத்துங்க!"

நுரையை உள்ளே பீய்ச்சினார். தீ அடங்கியது. சேக் முகைதீன் குடத்துத் தண்ணீரை முத்துப்பாண்டியின் கைகளில் ஊற்றிக்கொண்டே இருந்தார். தனுஷ்கோடி வேட்டியை நனைத்துக் காயத்தில் சுற்றச் சொன்னார், ஆட்டோவில் ஏற்றினார், சுற்றி நின்றவர்களின் பீடியைப் பிடுங்கிப் போட்டார். அந்த அரைமணி நேரம் அவர் செய்தது எல்லாம் சரியாக இருந்தது.

அதன் பிறகுதான் என்ன நடந்தது என்று சேக் முகைதீன் சொன்னார். காலையில் ஆயில் எஞ்சினைக் கிணற்றுக்குத் தள்ளி வைத்துத் தண்ணீரை முடிந்தமட்டும் இறைத்தார்கள். எஞ்சினை நிறுத்திவிட்டு, இறங்குவதற்கு முன்னால் உள்ளே கெட்ட காற்று இருக்கிறதா என்று பார்க்க முத்துப்பாண்டி அரிக்கேன் விளக்கை ஏற்றிக் கயிற்றில் கட்டி இறக்கினான். எல்லாக் கிணற்றுக்கும் செய்வதுதான். விளக்கு அணைந்தால் ஆள் இறங்கக்கூடாது. இங்கே விளக்கு பாதிக் கிணறு போனதும் கிணறே பற்றிக்கொண்டது.

"வாடை வந்திருக்குமே. அவனுக்குத் தெரியலயா?" என்றார் தனுஷ்கோடி.

"தெரிஞ்சிச்சு. 'பெட்ரோல் வாடை மாதிரி இருக்கே பாய்'னு ரெண்டு மட்டம் கேட்டான்" என்றார் சேக் முகைதீன். "நாந்தான் சொன்னேன், பங்க் சூப்பர்வைசரே அப்பிடியில்லனு சொல்லிட்டாரு, நீ எறங்குன்னு."

ஹாஜரா சுவரோரம் நின்று, தனுஷ்கோடியைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தாள். அந்தப் பார்வையை அவர் நன்றாக அறிவார். இத்தனை வருடமாக மற்றவர்களுக்குக் கொடுத்துவந்தது.

இரண்டு நாள் கழித்து நிலத்தடி நீரை ஆராய அரசாங்கத்திலிருந்து பானுப்பிரியா என்கிற நிபுணர் வந்தாள். முப்பது வயதுகூட இருக்காது. தொப்பி, ஷூ, தோளில் ஒரு பை. பைக்குள் சக்கரத்தில் சுற்றிய நீளமான அளவுநாடா. அதன் நுனி தண்ணீரைத் தொட்டால் மேலே 'கீ' என்று சத்தம் வரும். தனுஷ்கோடி அதையும் அவளையும் சேர்த்து எடை போட்டார். பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுத்த விளையாட்டுச் சாமான் மாதிரி இருக்கிறது, இதை வைத்துக்கொண்டு பூமிக்குள்ளே பார்க்கப் போகிறதாம் பிள்ளை.

அவள் பங்க்கின் ஆழ்துளைக் கிணற்றில் அளந்தாள். ஹாஜராவின் கிணற்றில் அளந்தாள். தண்ணீரின் மேல் கைப்பெருவிரல் அகலத்துக்குப் பெட்ரோல் ஏடு மாதிரி மிதந்தது. பிறகு மேற்கே பார்த்தாள்.

"அங்க மோட்டார் சத்தம் கேக்குதே, யாரு தோப்பு?"

"எந்தோப்புதான்" என்றார் தனுஷ்கோடி.

"எம்புட்டு நேரம் ஓடும்?"

"பகல்ல ஓடும். தென்னைக்கு விடணும்லா." கொஞ்சம் நிறுத்தி, "தையில இருந்து தண்ணி லாரிக்கும் விடுதோம். தெனம் பதினஞ்சு லோடு போகும்" என்றார்.

அவள் எழுதிக்கொண்டாள். "இன்னிக்கு சாயந்தரம் நிறுத்திருங்க. காலைல நா வந்து அளந்த பொறவு போடுங்க."

மறுநாள் காலையில் தோப்புப் போரையும் சேர்த்து மூன்று இடத்திலும் அளந்தாள். மோட்டாரைப் போடச் சொல்லி, மூன்று மணி நேரம் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்து மறுபடி அளந்தாள். குறித்த எண்களைப் பார்த்துக்கொண்டே தனுஷ்கோடியைக் கூப்பிட்டாள். ஹாஜராவும் கிணற்றடியில் நின்றாள்.

"சார், மோட்டார் ஓடாதப்ப எல்லாரும் நெனைக்க மாதிரிதான். பூமிக்குள்ள தண்ணி கெழக்க பாத்துத்தான் சாஞ்சிருக்கு. மோட்டார் ஓடுனா சாய்மானம் திரும்பிருது. பங்க்ல மட்டம் ஒசரமா, இந்தக் கெணத்துல கொறச்சலா, ஒங்க போர்ல அதவிடக் கீழ. மூணு மாசமா தெனம் ஒங்க மோட்டார் இழுத்திருக்கு. தண்ணி வந்துச்சு, தண்ணி மேல மெதந்த பெட்ரோலும் கூடவே வந்துச்சு. ஒங்க போர் ஆழத்துல இருந்து இழுக்கதால மெதக்கது ஒங்களுக்கு வரல. இவங்க கெணறு நடுவுல தொறந்து கெடந்துச்சு, இதுல வந்து நின்னுருச்சு."

தனுஷ்கோடி, "மலையில இருந்து கண்மாய்க்குத்தான..." என்று ஆரம்பித்தார்.

"மேல ஓடுற தண்ணிக்கு அதான் பள்ளம். கீழ இருக்க தண்ணிக்கு மோட்டார் எங்க இழுக்குதோ அதான் பள்ளம்."

ஹாஜரா இடுப்பிலிருந்து நாலாக மடித்த பில் ஒன்றை எடுத்து பானுப்பிரியாவிடம் நீட்டினாள். பானுப்பிரியா விரித்துப் பார்த்தாள். மலையும் கண்மாயும் அம்புக்குறியும் தெளிவாக, பாடப்புத்தகத்தில் இருப்பது போல இருந்தன.

"நீங்க போட்டதா சார்?"

"ஆமா."

"நீங்க பெட்ரோலப் படிச்சிருக்கீங்க, தண்ணியப் படிக்கல. அது தப்பில்ல. படிக்காமலே படம் போட்டுக் குடுத்திருக்கீங்களே" என்று சொல்லி, சீட்டைத் தன் நோட்டுக்குள் வைத்துக்கொண்டாள். குரலில் கோபம்கூட இல்லை. கோபப்படுகிற அளவுக்கு அவர் ஒரு பொருட்டில்லை என்பது போலப் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

தனுஷ்கோடி தோப்புக்கு நடந்து போய் மோட்டாரை அணைத்தார். தண்ணீருக்கு வந்து நின்ற லாரிக்காரனிடம், "இனிமே வராத" என்றார்.  மனைவி மகாலட்சுமி சோறு போட்டு வைத்திருந்தாள். தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து அவர் யோசித்தது பெட்ரோலைப் பற்றித்தான். அது எப்படிப் போகும் என்று அவருக்குத் தெரியாமலா இருந்தது? மண்ணுக்குள் இறங்கும், மண்துகள் இடுக்கில் கொஞ்சம் தங்கும், மிச்சம் தண்ணீரைத் தொட்டதும் மிதக்கும், ஆவி காற்றைவிடக் கனம் என்பதால் பள்ளம் கண்ட இடத்தில் போய்ப் படுத்துக்கிடக்கும். கிடங்கில் புதிதாக வந்த சிப்பாய்களுக்கு இதைச் சொல்லி மனப்பாடம் பண்ண வைத்தவர். ஒரே ஒரு முறை அந்தப் பாட்டிலைக் கையில் வாங்கி மோந்திருந்தால் போதும்.

அன்று சாயங்காலம் விஜயபாண்டி கூப்பிட்டு அனுப்பினான். ஏசி அறையின் கதவைச் சாத்திவிட்டு, குரலைத் தாழ்த்தினான்.

"மாமா, நாளைக்கு கலெக்டர் ஆபீசுல இருந்து விசாரணைக்கு வாராங்க. நா ஒண்ணு யோசிச்சு வச்சிருக்கேன். அந்தப் பாய் வீட்டுல கேன்ல பெட்ரோல் பதுக்கி வச்சிருந்தாரு, அது கெணத்துல கவுந்துருச்சு. நம்ம பையங்க ரெண்டு பேரு கேன்ல புடிச்சுக் குடுத்ததாச் சொல்லிருவாங்க. நீங்களும் ஆமான்னு ஒரு வார்த்த சொன்னாப் போதும். ஒங்க மோட்டார் வெவகாரமும் வெளிய வராது. நமக்கு ரெண்டு பேருக்கும் நல்லது."

தனுஷ்கோடி அவனைப் பார்த்தார். இத்தனை வருடம் அவனை மூளையில்லாதவன் என்று மட்டுமே நினைத்து வந்திருக்கிறார். மூளை இருந்திருக்கிறது, இப்படி ஒரு காரியத்துக்கு மட்டும் வேலை செய்யும் மூளை. கையில் தோல் இல்லாமல் ஒருத்தன் ஆஸ்பத்திரியில் கிடக்க, அந்தப் பழியைத் தண்ணீர் இல்லாமல் தவிக்கிற வீட்டின் மேலேயே தள்ளிவிடலாம் என்று நெஞ்சு கூசாமல் சொல்கிறான். அதைவிட, 'நமக்கு ரெண்டு பேருக்கும்' என்று சொன்னானே, அதுதான் அவரைச் சுட்டது. விஜயபாண்டி தன்னைப் பார்த்து, தன்னில் ஒரு கூட்டாளியைக் கண்டிருக்கிறான். அது முழுக்கப் பொய்யும் இல்லை. கார்த்திகையில் கம்பியைத் துடைத்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போனவர்தானே.

"ஏலே விஜயபாண்டி" என்றார். மாப்ள என்று கூப்பிடவில்லை. "கார்த்திகையில நா இந்த மேசையில கம்பிய வச்சேன், நாவகம் இருக்கா?"

"இருக்கு. அதுக்கென்ன?"

"நாளைக்கு அதத்தான் மொதல்ல சொல்லப் போறேன். பொறவு எம்மோட்டாரப் பத்தியும் சொல்லுவேன்."

"நானுந்தான் மாட்டுவேன், ஆனா மொதல்ல நீங்க மாட்டுவிய மாமா. யோசிச்சுக்கிடுங்க."

"நீயெல்லாம் யோசிக்கச் சொல்ற நெலமைக்கு வந்துட்டேனேலே" என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

மறுநாள் விசாரணையில் தனுஷ்கோடி எதையும் மறைக்கவில்லை. தொட்டிக்குள் தண்ணீர் வந்தது, அதைப் பார்த்துவிட்டுத் தான் மேலே தெரிவிக்காதது, தை முதல் அளவு குறைந்தது, ஹாஜரா பாட்டிலோடு வந்தது, தான் அதை வாங்கிக்கூடப் பார்க்காதது என்று வரிசையாகச் சொன்னார். சொல்லி முடித்தபோது அதிகாரி, "இம்புட்டும் தெரிஞ்சவரு அன்னிக்கே ஏன் சொல்லல?" என்று கேட்டார்.

தனுஷ்கோடியிடம் பதில் இருந்தது. அன்றைக்கு எதிரில் இருந்தவர்கள் யாரும் தான் சொல்வதைக் கேட்கத் தகுதியானவர்கள் என்று அவருக்குத் தோன்றவில்லை, அதுதான். அதை வாய்விட்டுச் சொல்ல முடியாமல், "தப்புதான்" என்று மட்டும் சொன்னார்.

பங்க்குக்குச் சீல் வைத்தார்கள். தொட்டியைத் தோண்டி எடுத்தபோது அடிப்பக்கத்து வெல்டிங் ஓரமாகத் துருப்பிடித்து, சுண்டுவிரல் நுனி நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை. அதைச் சுற்றி மண் கறுத்துப் போய், அள்ளினால் மூக்கைக் குத்தியது. அந்த மண்ணை லாரி லாரியாக அள்ளிக்கொண்டு போனார்கள். சாலையில் நின்று வேடிக்கை பார்த்த கூட்டம், இத்தனூண்டு ஓட்டைக்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று பேசிக்கொண்டது. தனுஷ்கோடிக்கு வேலை போனது. விஜயபாண்டி வழக்கு, வாய்தா என்று அலைய ஆரம்பித்தான். உறவுக்காரர்கள் தனுஷ்கோடியின் வீட்டுக்கு வருவதை நிறுத்திக்கொண்டார்கள். அதைப் பற்றி அவர் வருத்தப்படவில்லை. அவர்கள் வந்துகொண்டிருந்தபோதும் அவர்களை மதித்ததில்லை.

ராஜபாளையத்தில் ஆஸ்பத்திரிக்கு ஒரு நாள் ஆரஞ்சுப்பழமும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு போனார். முத்துப்பாண்டி இரண்டு கைகளிலும் கட்டோடு கொசுவலைக்குள் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் அவன் தாய் கருத்தம்மாள் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். வந்தவர் யார் என்று தெரிந்ததும் அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"எப்பிடி இருக்க முத்துப்பாண்டி?"

"இருக்கேன் அய்யா. ஒண்ணு கேக்கணும்னு நெனச்சேன். மிலிட்டரியில நீங்க இதே சோலிதான் பாத்தீயளாமே? பெட்ரோலு, தீயி, எல்லாம்."

"ஆமாப்பா."

"அப்பிடின்னா அங்க யாரும் சாகலியா?"

அவன் கிண்டலாகக் கேட்டானா, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டானா என்று தனுஷ்கோடிக்குப் புரியவில்லை. கருத்தம்மாள் கரண்டியை எடுத்து மறுபடி ஊட்ட ஆரம்பித்தாள். பழங்களை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றார். கட்டிலுக்கடியில் வைத்துவிட்டு வெளியே வந்தார். கைகளைக் கொண்டு பிழைக்கிறவனுக்கு ஆறு மாதம் வேலை கிடையாது. லாரிகளுக்குத் தண்ணீர் விற்றுச் சம்பாதித்ததை அப்படியே கொண்டுபோய்க் கருத்தம்மாளிடம் கொடுக்க மகாலட்சுமியை அனுப்பினார். கருத்தம்மாள் அதை வாங்கிக்கொண்டாள். நன்றி ஒன்றும் சொல்லி அனுப்பவில்லை.

கோடையில் கிணற்றுத் தண்ணீர் இன்னும் கீழே போனது. மேலே மிதந்த ஏட்டை பானுப்பிரியாவின் ஆட்கள் பலமுறை வழித்து எடுத்தார்கள். ஆடி வாக்கில் வாடை குறைந்தது. ஆவணியில் சுத்தமாக இல்லை. தோட்டத்துக் கீரைக்கு அந்தத் தண்ணீரை விட்டால் என்ன என்று தெருவில் பேச்சு வந்தது. விஜயபாண்டி ஆள் அனுப்பி, எல்லாம் தீர்ந்துவிட்டது, கிணறு பழையபடி ஆகிவிட்டது என்று சேக் முகைதீனிடம் எழுதி வாங்கப் பார்த்தான். அவரும் அலைந்து சலித்துப்போய், கையெழுத்துப் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாமே என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

இது தனுஷ்கோடியின் காதுக்கு வந்தது. புரட்டாசி வெயில் மண்டையைப் பிளந்த ஒரு பகலில் ஹாஜராவின் வீட்டுக்குப் போனார். ஆறு மாதத்தில் அந்தப் படி ஏறவில்லை. ஹாஜரா கதவைப் பாதி திறந்து நின்றாள். வாங்க என்று சொல்லவில்லை.

"ஒரு விசயம் சொல்லிட்டுப் போறேன். பாய் கையெழுத்துப் போட வேண்டாம். பெட்ரோல் போகல. தண்ணி கீழ எறங்கும்போது கூடவே எறங்கி, வழி நெடுக மண்ணு இடுக்குல ஒட்டிக்கிட்டுக் கெடக்கு. வாடை இல்லாததால இல்லன்னு நெனைக்கீய. அடுத்த மாசம் மழை பேஞ்சு தண்ணி மேல வந்தா, அதயும் கொஞ்சம் தூக்கிக்கிட்டு வரும். கெணத்துக்குப் பக்கத்துல அடுப்பு வேண்டாம். கொசுவத்திகூட வேண்டாம்."

ஹாஜரா அவர் சொல்லி முடிக்கிற வரையில் கேட்டாள். "நீங்க சொன்னத வச்சு ஒரு மட்டம் கெணறு எறச்சோம்" என்றாள்.

"நாஞ் சொல்றத நம்ப வேண்டாம் தாயி. அந்தப் பிள்ளகிட்டக் கேளுங்க."

"கேக்கத்தான் போறேன். நில்லுங்க."

உள்ளே போய் செல்போனை எடுத்து வந்து, அவர் முன்னாலேயே பானுப்பிரியாவுக்குப் போட்டாள். ஒலிபெருக்கியில் வைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. ஹாஜரா மறுபடி போட்டாள். தனுஷ்கோடி வெயிலில் நின்றார். நிழலுக்குள் வரச் சொல்ல அவள் நினைக்கவில்லை, அவரும் எதிர்பார்க்கவில்லை. பக்கத்து வீட்டு மாடியிலிருந்து இரண்டு பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒரு காலத்தில் தான் சொன்னதை இன்னொருவரிடம் சரிபார்த்தவனை அவர் மறுநாளே வேலையைவிட்டு அனுப்பியிருக்கிறார்.

மூன்றாவது முறை பானுப்பிரியா எடுத்தாள். ஹாஜரா விவரத்தைச் சொன்னாள், யார் சொன்னது என்று மட்டும் சொல்லாமல்.

"யாரு சொன்னாலும் சரியாத்தான் சொல்லியிருக்காங்க மேடம்" என்றது குரல். "நானே இந்த வாரம் கூப்பிடணும்னு இருந்தேன். கையெழுத்துப் போட்டுறாதீங்க. ரெண்டு மூணு மழைக்காலமாச்சும் பாக்கணும். கெணத்துக்கு வலை மட்டும் போட்டு வைங்க, இறுக்கி மூடாதீங்க, ஆவி உள்ள சேந்துரும்."

தனுஷ்கோடி கிணற்றை இறுக்கி மூடச் சொல்லும் எண்ணத்தில்தான் வந்திருந்தார். நல்லவேளையாக அதைச் சொல்லுமுன் பானுப்பிரியா போனை எடுத்துவிட்டாள். 

ஹாஜரா போனை அணைத்தாள். "சரி, கையெழுத்துப் போட வேண்டாம்னு அவுககிட்டச் சொல்றேன்" என்றாள். பிறகு, "இம்புட்டுத்தானா, இன்னும் இருக்கா?" என்று கேட்டாள்.

"இம்புட்டுத்தான்."

அவள் கதவைச் சாத்தினாள். தனுஷ்கோடி செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார்.